காப்ரிக்குத் தனிப் படகில் ஒரு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

காப்ரித் தீவுக்கு இரண்டு முறை தனிப் படகில் போயிருக்கிறேன். முதல் முறை பணமும் போய், தோளும் முதுகும் வெயிலில் வெந்து, பார்க்கப் போன நீலக்குகை என்ற கடல் குகையையும் பார்க்காமல் திரும்பி வந்தேன். இரண்டாம் முறையும் அதே கடல், அதே ஜூன் மாதம்தான். ஆனால் முழங்கால் வலிக்காரரான 72 வயது பெரியப்பா சாயங்காலம் கரை ஏறும்போது, "அடுத்த வருஷமும் வரலாமாடா?" என்று கேட்டார். இடையில் நான் கற்றுக்கொண்டது இரண்டு விஷயங்கள்தான். பணம் கொடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பது ஒன்று. அன்றைய பாதையைக் காற்றிடம் விட்டுவிட வேண்டும் என்பது இன்னொன்று.

முதலில், தனிப் படகு உங்களுக்குத் தேவைதானா?

காப்ரி இத்தாலியின் நேபிள்ஸ் வளைகுடாவில் இருக்கிறது. பரப்பு 10 சதுர கிலோமீட்டர்தான். ஊருக்குள் நடந்து, கடை பார்த்து, மலை மேலேறி வந்தால் போதும் என்பவர்களுக்குத் தனிப் படகு வேண்டாம். எதிர்க்கரை ஊரான சொரெந்தோவிலிருந்து விரைவுப் படகு அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், நேபிள்ஸிலிருந்து ஏறினால் 50 நிமிடம். டிக்கெட் ஒரு வழிக்கு 20 யூரோவுக்குக் கொஞ்சம் மேலே.

தீவின் அழகில் பாதி, தரையில் நடப்பவர் கண்ணுக்கே படாது. நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள், அடியில் கடல் குடைந்த குகைகள், பாறை மடிப்புகளில் தேங்கிய பச்சைத் தண்ணீர் எல்லாம் கடலிலிருந்து பார்ப்பவருக்குத்தான். அதற்காகத்தான் படகு.

நடுவழி ஒன்றும் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போகும் கூட்டுப் படகில் ஆளுக்குச் சுமார் 80 முதல் 130 யூரோ ஆகும். இரண்டு பேராகப் போனால் அதுவே புத்திசாலித்தனம். ஆறேழு பேர், கூடவே குழந்தை, வயதானவர் என்றால் தனிப் படகின் கணக்கு ஒத்துவர ஆரம்பிக்கும். நின்று நிதானமாகப் போகலாம், யாருக்காவது முடியவில்லை என்றால் திரும்பியும் விடலாம். பெரியப்பாவுக்காகத்தான் நாங்கள் தனிப் படகு எடுத்தோம்.

எங்கிருந்து ஏறுவது

சொரெந்தோ. யோசிக்கவே வேண்டாம். நேபிள்ஸிலிருந்து கிளம்பினால் 30 கிலோமீட்டர் திறந்த கடல், பொஸித்தானோவிலிருந்து கிளம்பினால் தூரம் கூடுவதோடு விலையும் கூடும். சொரெந்தோவிலிருந்து நேர்கோட்டில் 14 கிலோமீட்டர்தான், சின்னப் படகில் 30, 40 நிமிடம். நேபிள்ஸில் தங்கியிருப்பவர்கள் முந்தின நாள் மாலையே சொரெந்தோ வந்து படுத்துவிடுவது நல்லது. சிர்க்கும்வெசுவியானா ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கோடையில் அதில் உட்கார இடமும் கிடைக்காது. படகு நேரம் நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கும்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடுகிறேன். சொரெந்தோவில் துறைகள் இரண்டு. மரீனா பிக்கோலா என்றால் 'சின்னத் துறை', மரீனா க்ராந்தே என்றால் 'பெரிய துறை'. ஆனால் பெரிய கப்பல்கள் வந்து போவது 'சின்னத்' துறையில். 'பெரிய' துறை ஒரு மீனவக் குப்பம். போதாக்குறைக்குக் காப்ரியிலும் இதே இரண்டு பெயர்களில் இரண்டு துறைகள் இருக்கின்றன. 'மரீனாவில் பார்ப்போம்' என்று செய்தி வந்தால் எந்த ஊர், எந்த மரீனா என்று கேட்டு, வரைபடத்தில் புள்ளி வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தப் படகு

அந்தக் கரைக்கே உரிய படகின் பெயர் கோட்ஸோ. மீன்பிடி மரப்படகின் வம்சம். வயிறு அகலம், முனை கூர்மை. இப்போது பெரும்பாலும் ஃபைபரில் வார்க்கிறார்கள். 8, 9 மீட்டர் நீளத்தில், முன்பக்க அணியத்தில் படுத்து வெயில் காய மெத்தை, நடுவில் துணிப் பந்தல், பின்பக்கம் ஏணி. அதிகம் குலுங்காது. ரப்பர் பக்கங்கள் கொண்ட விரைவுப் படகும் கிடைக்கும். அது வேகமாகப் போகும், அலைக்கு அலை தூக்கியும் போடும். முதுகு வலி, கர்ப்பம், சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இத்தாலியில் 40 குதிரைத்திறன் வரையுள்ள சின்னப் படகை உரிமம் இல்லாமலே வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம். விலை பாதிக்கும் கீழே வரும், ஆசையாகத்தான் இருக்கும். முதல் தடவை வேண்டாம் என்பது என் கட்சி. சொரெந்தோத் தீபகற்பத்தின் முனைக்கும் காப்ரிக்கும் நடுவே சுமார் 5 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு நீரிணை இருக்கிறது. பெயர் போக்கா பிக்கோலா, 'சின்ன வாய்'. காற்றும் நீரோட்டமும் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வரும். விரைவுப் படகுகள் கிளப்பும் அலை வேறு, பக்கவாட்டில் வந்து அடிக்கும். சைக்கிள் பழகுகிறவரை அண்ணா சாலையில் இறக்கிவிட்ட மாதிரி ஆகிவிடும். படகோட்டியோடு எடுங்கள்.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

நான் முதல் முறை சறுக்கியது இங்கேதான். துறையில் நின்ற ஒரு தரகர் சொன்ன விலை மலிவாகத் தெரிந்தது, சரி என்றோம். ஏறி உட்கார்ந்த பிறகுதான் எரிபொருள் தனிக் கணக்கு என்று தெரிந்தது. பந்தல் கிடையாது. 'அரை நாள்' என்றது நான்கு மணி நேரத்தை. போக வர ஆகும் நேரமும் அதற்குள்தான். கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எல்லாமே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

அதனால் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸாப்பில் கேட்டால் போதும். எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் துறையைத் தொடும்? முழு நாள் என்றால் 7, 8 மணி நேரம் இருக்க வேண்டும். எரிபொருள், படகோட்டி கூலி, துறைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்த விலையா? நிழல் உண்டா? கழிப்பறை உண்டா? இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். பெண்களும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கும் குடும்பத்துக்கு முதல் கேள்வியே இதுதான். சின்ன கோட்ஸோக்களில் பல நேரம் இருக்காது. குழந்தை அளவில் உயிர்காப்புச் சட்டை உண்டா, எத்தனை? வானிலை கெட்டால் பணம் திரும்ப வருமா, நாள் மாற்றமா? ரத்து செய்வதை முடிவு செய்வது யார்?

கடைசிக் கேள்விக்கு 'படகோட்டி' என்று பதில் வந்தால் அது நல்ல இடம். 'நீங்கள் வந்தால் கட்டாயம் போகலாம்' என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

விலையைப் பொறுத்தவரை, கோடையில் முழு நாளுக்கு ஒரு கோட்ஸோ 600 யூரோவிலிருந்து ஆயிரத்தைத் தாண்டியும் போகும். ஆள் கணக்கு இல்லை, படகுக் கணக்கு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரம் இத்தாலி முழுக்க விடுமுறை. விலையும் உச்சம், கூட்டமும் உச்சம். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜூன், செப்டம்பர் இரண்டும் நல்ல மாதங்கள். மே மாதத்தில் வெயில் அடிக்கும், தண்ணீர் மட்டும் ஜில்லென்று இருக்கும். செப்டம்பரில் கோடையெல்லாம் காய்ந்த கடல் இதமாக இருக்கும்.

நீலக்குகைக் கட்டணம் பெரும்பாலும் படகு விலையில் சேராது. அதற்கு ஆளுக்குச் சுமார் 18 யூரோவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நாள் குறிப்பது காற்றின் வேலை

நம் மீனவர்கள் வாடை, கச்சான், கொண்டல், சோளகம் என்று காற்றைத் திசை பார்த்துப் பெயரிட்டு வைத்திருப்பதைப் போலவே அங்கேயும் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வடக்கிலிருந்து த்ரமொன்தானா, வடமேற்கிலிருந்து மயஸ்த்ராலே, தென்மேற்கிலிருந்து லிபேச்சோ, தென்கிழக்கிலிருந்து ஷிரோக்கோ. பயணிக்கு இது வெறும் பெயர்ப் பட்டியல் இல்லை. நீலக்குகை தீவின் வடமேற்கில் இருக்கிறது. மயஸ்த்ராலே கொஞ்சம் வீசினாலே குகை வாயில் அலை ஏறும், உடனே மூடிவிடுவார்கள். ஷிரோக்கோவோ லிபேச்சோவோ அடித்தால் தெற்குக் கரை கொந்தளிக்கும். ஆக ஒரே நாளில் தீவின் ஒரு பக்கம் கண்ணாடி மாதிரியும் மறுபக்கம் கொதிக்கும் உலை மாதிரியும் இருக்கலாம்.

அதனால் படகு நாளை உங்கள் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ வையுங்கள். ரத்தானால் தள்ளிப்போட இடம் இருக்கும். நாங்கள் முதல் முறை கடைசி நாளில் வைத்தோம். காலையில் படகோட்டி கடலைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மறுநாள் விமானம் என்பதால், பரவாயில்லை போகலாம் என்று நாங்கள்தான் அடம்பிடித்தோம். போகும் வழியிலேயே ஆறு பேரில் நாலு பேர் வாந்தி.

கைபேசியில் வின்டி மாதிரிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு அலை உயரத்தைப் பாருங்கள். அரை மீட்டருக்குள் என்றால் ஆனந்தமாகப் போகலாம். ஒரு மீட்டரைத் தொட்டால் சின்னப் படகுக்கு அது நல்ல நாள் இல்லை. 'மாரே கால்மோ' என்று படகோட்டி சொன்னால் கடல் அமைதி. 'மாரே மோஸ்ஸோ' என்றால் ஆட்டம் இருக்கிறது. கோடையில் காலை அமைதியாக இருந்தாலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பும். எனவே 9 மணிக்குள் துறையை விட்டுவிடும்படி பேசிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன, வயிற்றில் என்ன

துணிப் பையோ முதுகுப் பையோ போதும். சக்கரம் வைத்த பெட்டிக்குப் படகில் இடம் இல்லை. மாற்றுத் துணி, துண்டு, தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை ஒன்று. கடல் காற்று குளுகுளுவென்று இருப்பதால் வெயில் சுடுவது தெரியாது, சாயங்காலம்தான் தெரியும். கைபேசிக்குத் தண்ணீர் புகாத உறை. குகைக்கும் படகோட்டிக்குமாகக் கொஞ்சம் ரொக்கம். பாஸ்போர்ட்டின் நகல்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் தட்டு, கப், பைகளுக்குக் காப்ரி 2019-இல் தடை போட்டுவிட்டது. மீறினால் 500 யூரோ வரை அபராதம்.

குமட்டல் வரும் என்று தெரிந்தால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். ரொட்டி, வாழைப்பழம் நல்லது. படகின் நடுவிலோ பின்பக்கத்திலோ உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள். கைபேசித் திரையைப் பார்த்தால் தலை சுற்றல் இன்னும் சீக்கிரம் வரும். அண்ணி புளிப்பு மிட்டாயும் இஞ்சி முரப்பாவும் கொண்டு வந்திருந்தார். கடைசியில் படகோட்டியே முரப்பாவில் இரண்டு வாங்கிக்கொண்டார்.

துறையில்

சொரெந்தோ நகரம் பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது, துறை கீழே. பியாட்ஸா தாஸ்ஸோ என்ற நடுச் சதுக்கத்திலிருந்து படியிறங்கலாம், பேருந்தும் உண்டு. முழங்கால் வலிக்காரர்களுக்கு வில்லா கொமுனாலே பூங்காவில் கட்டண லிஃப்ட் இருக்கிறது. 20 நிமிடம் முன்னாடியே இறங்கிவிடுங்கள். பல படகுக்காரர்கள் ஒரே பக்கத்தில் நிற்பார்கள், உங்கள் படகின் பெயரைக் கேட்டு வைத்திருந்தால் தேடுவது சுலபம்.

ஏறும்போது செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். வாசலில் கழற்றிப் பழகிய நமக்கு அது புதிதில்லை. பலகைத் தரையில் கறை படியக்கூடாது என்பதற்காக. எல்லார் செருப்பும் ஒரு கூடைக்குள் போகும். அப்போதே படகோட்டியிடம் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். யாருக்கு நீச்சல் தெரியாது, யாருக்கு உடம்பு சரியில்லை, எது பார்த்தே ஆக வேண்டும். அதன் பிறகு, "இன்றைக்கு எந்தப் பக்கமாகச் சுற்றலாம்?" என்று அவரையே கேளுங்கள். நான் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. விரலை ஈரப்படுத்திக் காற்றில் நீட்டிச் சிரித்தார். பிறகு கைபேசியை எடுத்து அதே செயலியைப் பார்த்தார்.

சுற்றுப்பாதை

காற்று அனுமதித்தால் நான் விரும்புவது கடிகாரச் சுற்று. தீவு எப்போதும் உங்கள் வலப்பக்கம் இருக்கும். நிற்காமல் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நின்று குளித்துப் போனால் அரை நாள்.

முதலில் வருவது கிழக்கு முனை. அண்ணாந்து பார்த்தால் செங்குத்துப் பாறையின் உச்சியில் இடிபாடுகள் தெரியும். ரோமப் பேரரசர் டைபீரியஸின் மாளிகை, வில்லா யோவிஸ். கி.பி. 27-இலிருந்து 37-இல் சாகும்வரை அவர் இந்தத் தீவிலிருந்தபடியே பேரரசை ஆண்டார். பிடிக்காதவர்களை அங்கிருந்து கடலில் தள்ளுவார் என்று ஒரு கதை. அந்தப் பாறையின் பெயரே 'டைபீரியஸின் குதிப்பு'. எல்லாப் படகோட்டியும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்.

அதைத் தாண்டினால் வெள்ளைக்குகை, அதன் பிறகு ஒரு பாறை மூக்கின் மேல் தனியாக ஒரு சிவப்பு வீடு. மலபார்தே வீடு என்பார்கள். மொட்டைக் கூரைக்கு ஏற, மேலே போகப் போக அகலமாகும் ஒரு படிக்கட்டு. அப்படியே திரும்பினால் தென்கிழக்கு முனையில் ஃபராலியோனி, கடலில் முளைத்த மூன்று பாறைத் தூண்கள். கரையோடு ஒட்டியது 109 மீட்டர் உயரம். நடுவில் உள்ளது 81 மீட்டர், அதன் அடியில் படகு நுழையும் அளவுக்கு ஒரு வளைவு. வெளியே நிற்பது 104 மீட்டர். அந்த வெளிப்பாறையில் நீல நிறப் பல்லி இனம் ஒன்று வாழ்கிறது. படகிலிருந்து அதைப் பார்த்துவிடலாம் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வளைவுக்குள் போகும்போது முத்தமிட்டால் அதிர்ஷ்டம் என்பது அங்கத்திய நம்பிக்கை. எல்லாப் படகும் வேகத்தைக் குறைத்து வரிசையில் காத்திருந்து நுழையும். எங்கள் படகோட்டி திரும்பி, "பாச்சோ, பாச்சோ!" என்று கத்தினார். பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியப்பா பாறையை ஆராய்வதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெற்குக் கரைதான் எனக்குப் பிடித்த பகுதி. மேலே 589 மீட்டர் உயரத்தில் மொந்தே சொலாரோ, கீழே பச்சைக்குகை. காலையில் வெயில் விழும்போது அந்தக் குகைத் தண்ணீர் தளிர் வெற்றிலை நிறத்தில் இருக்கும். இங்கே நங்கூரம் போட்டு ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். மற்ற இடங்களை அவசரமாகத் தாண்டினாலும் பாதகமில்லை. தென்மேற்கு முனையில் புந்தா கரேனா கலங்கரை விளக்கம். அதைச் சுற்றி மேற்குக் கரையோடு வடக்கே ஏறினால் நீலக்குகை.

நீலக்குகை: உள்ளே ஐந்து நிமிடம், வெளியே ஒன்றரை மணி

உங்கள் படகு உள்ளே போகாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குகையின் வாய் ஒரு மீட்டர் உயரம்தான், அகலம் இரண்டு மீட்டர். மூன்று, நான்கு பேர் மட்டும் கொள்ளும் துடுப்புப் படகுகள் வெளியே மிதந்துகொண்டிருக்கும். உங்கள் கோட்ஸோவிலிருந்து அதற்கு மாற வேண்டும். இரண்டு படகும் வெவ்வேறு தாளத்தில் ஆடும். துடுப்புக்காரர் கையை நீட்டுவார். பிடித்துக்கொண்டு, அவர் சொல்லும் நொடியில் காலை வையுங்கள். இறங்கியதும் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு மிதக்கும் டிக்கெட் படகின் பக்கமாகப் போய்ப் பணம் கட்டுவார்கள்.

வாய்க்கு முன்னால் வந்ததும் படகின் அடியில் மல்லாக்கப் படுக்கச் சொல்வார். உட்கார்ந்து குனிந்தால் போதாது, படுக்கத்தான் வேண்டும். தலை ஒருவர் மடியில், கால் இன்னொருவர் இடுப்பில். பாறையோடு பதித்த சங்கிலியை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலை இறங்கக் காத்திருப்பார். அலை இறங்கியதும் ஒரே இழு. மூக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பாறை ஓடி மறையும், பிறகு இருட்டு. எழுந்து உட்கார்ந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தால், கடலுக்கு அடியில் யாரோ விளக்கேற்றி வைத்த மாதிரி தண்ணீர் மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருக்கும். வாய்க்கு நேர் கீழே நீருக்குள் இன்னொரு பெரிய திறப்பு இருக்கிறது. வெயில் அதன் வழியாக வருகிறது. வரும் வழியில் சிவப்பைத் தண்ணீர் குடித்துவிட, நீலம் மட்டும் மிஞ்சுகிறது. கையை உள்ளே விட்டால் வெள்ளி முலாம் பூசிய மாதிரி தெரியும். துடுப்புக்காரர் பாட ஆரம்பிப்பார். பாட்டு முடிவதற்குள் உங்கள் ஐந்து நிமிடம் முடிந்துவிடும். அவர் கொஞ்சம் கூடுதலாக எதிர்பார்ப்பார், ஐந்தோ பத்தோ கொடுங்கள்.

இந்தக் குகையை 1826-இல் ஜெர்மானிய ஓவியர் அவுகுஸ்ட் கோபிஷ் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். கூட்டிக்கொண்டு போனவர் உள்ளூர் மீனவர். பேய்க்குகை என்று பயந்து ஊரார் ஒதுங்கியிருந்த இடம். அதற்கும் முன்னால் ரோமர்களுக்கு இது தெரிந்த இடம்தான். 1964-இல் குகையின் அடியிலிருந்து ரோமர் காலச் சிலைகளை எடுத்தார்கள்.

இப்போது கசப்பான பகுதி. தனிப் படகுக்குத் தனி வரிசை கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் வெயிலில், மற்ற படகுகளின் டீசல் புகை நடுவே, ஓடாத படகில் ஆடிக்கொண்டே நிற்க வேண்டும். ஓடும் படகில் வராத வாந்தி நிற்கும் படகில்தான் வரும். வரிசையில் 20 படகுக்கு மேல் இருந்தால் விட்டுவிட்டுப் போங்கள் என்பது என் அபிப்பிராயம். தீவின் இன்னொரு ஊரான அனாகாப்ரியிலிருந்து பேருந்தில் வந்து படியிறங்கியும் இதே குகைக்குள் போகலாம். தலையைக் குனிய முடியாதவர், முதுகில் அறுவை செய்தவர், மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர் இதை விட்டுவிடலாம். பெரியப்பா எங்கள் படகிலேயே உட்கார்ந்து படகோட்டியோடு ஆரஞ்சு உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் பொது மொழி எதுவும் இல்லை.

துடுப்புக்காரர்கள் போன பிறகு மாலையில் நீந்தி உள்ளே போகலாம் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அங்கே நீந்தத் தடை. அலை ஏறினால் வெளியே வர வழியும் இருக்காது.

தண்ணீரில் இறங்குவது

காப்ரியைச் சுற்றி நம் சென்னை மெரினா மாதிரி மணல் சரிவு கிடையாது. படகை விட்டு இறங்கினால் காலுக்கு அடியில் பத்து மீட்டரும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தண்ணீர் தெளிவாக இருப்பதால் தரை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், அதை நம்பாதீர்கள். நீச்சல் தெரியாதவர் உயிர்காப்புச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஏணியைப் பிடித்தபடி இறங்கலாம். மத்தியதரைக் கடலில் நம் வங்கக் கடலைவிட உப்பு அதிகம், உடம்பு சற்று லேசாகவே மிதக்கும்.

இன்ஜின் நின்றிருக்கிறதா என்று கேட்டு, படகோட்டி தலையசைத்த பிறகே இறங்க வேண்டும். துப்பட்டா, சேலை, தளர்ந்த பாவாடை எதுவும் வேண்டாம். ஏணியிலும் சுழலியிலும் சிக்கும். டி-சர்ட்டும் கால்சட்டையும் போதும், யாரும் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பாறையில் கருப்பு முள்ளுருண்டை மாதிரி ஒட்டியிருப்பது கடல் முள்ளெலி. மிதித்தால் முள் காலிலேயே ஒடியும். ஊதா நிற ஜெல்லி மீன் சில நாட்களில் கூட்டமாக வரும். தீண்டினால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் தண்ணீராலேயே கழுவுங்கள்.

சாப்பாடும் கரையும்

இரண்டு வழி உண்டு. ஒன்று, காப்ரியில் இறங்கி மூன்று மணி நேரம் சுற்றுவது. இன்னொன்று, இறங்காமல் கடலிலேயே இருந்து, திரும்பும் வழியில் நெரானோ என்ற குட்டிக் கடற்கரையில் சாப்பிடுவது. இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தால் ஓட்டமும் நடையும்தான் மிஞ்சும்.

இறங்குகிறவர்கள் மரீனா க்ராந்தேயில் இறங்கி, மேலே ஊருக்குப் போக 1907 முதல் ஓடும் இழுவை ரயிலைப் பிடிக்க வேண்டும். பயணம் சில நிமிடம்தான், வரிசை பல நிமிடம். மேலே அகுஸ்துஸ் தோட்டத்திலிருந்து ஃபராலியோனியை மேலிருந்து பார்க்கலாம். நேரம் இருந்தால் அனாகாப்ரி போய் ஒற்றை நாற்காலி விஞ்சில் மொந்தே சொலாரோ ஏறலாம். தீவில் இறங்கும் பயணிகளுக்கான வரியை 2024-இல் கோடை மாதங்களுக்கு 2.50-லிருந்து 5 யூரோவாக ஏற்றிவிட்டார்கள். அது உங்கள் விலையில் சேர்ந்ததா என்று கேளுங்கள். படகோட்டி எந்தத் தூணுக்குப் பக்கத்தில் திரும்ப வந்து நிற்பார் என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் துறையில் நெடுநேரம் நிற்க முடியாது. பத்து நிமிடம் தாமதித்தால் வெளியே போய் ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

நாங்கள் நெரானோவைத் தேர்ந்தெடுத்தோம். அங்கே படகைக் கடலில் கட்டிவிட்டால் உணவகத்துச் சின்னப் படகு வந்து கூட்டிப் போகும். முந்தின நாளே படகோட்டி மூலம் இடம் சொல்லிவைக்க வேண்டும். சைவக்காரர்களுக்கு இந்த ஊர் ஒரு வரம். சுரைக்காய்க்குத் தம்பி மாதிரியான சுக்கினியை வட்ட வட்டமாக அரிந்து வறுத்து, உள்ளூர்ப் பாலாடைக்கட்டியோடு சேர்த்துப் பிரட்டும் ஸ்பகெட்டி இந்த ஊர்க் கண்டுபிடிப்பு. காப்ரியில் என்றால் தக்காளி, மொஸரெல்லா, துளசி வகை இலை அடுக்கிய காப்ரேஸே, பாலாடைக்கட்டி வைத்த ரவியோலி. 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். பாதாமும் சாக்லெட்டும் சேர்ந்த தோர்த்தா காப்ரேஸேயில் முட்டை உண்டு, சாப்பிடாதவர்கள் கவனியுங்கள். விலை கடற்கரை விலை. மீனை எடை போட்டு விற்பார்கள், தட்டுக்கு வரும் முன்பே எத்தனை யூரோ என்று கேட்டுவிடுங்கள். சிக்கனமாகப் போக வேண்டுமானால் காலையில் சொரெந்தோக் கடையில் ரொட்டியும் தக்காளியும் வாங்கிக்கொண்டு பச்சைக்குகைக்கு எதிரே பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடலாம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பும்போது

மாலை நாலு, ஐந்து மணிக்குப் போக்கா பிக்கோலா காலையைப் போல் இருக்காது. காற்று எழுந்திருக்கும். தலை ஈரத்தோடு உட்கார்ந்தால் நடுக்கும், மாற்றுத் துணியை அப்போதே போடுங்கள். தீபகற்பத்தின் முனை புந்தா கம்பனெல்லா. 1997 முதல் அதைச் சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பகுதி. சில இடங்களில் படகு நெருங்கக்கூடாது, கடற்புல் படுகையில் நங்கூரம் போடக்கூடாது. "அங்கே கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று கேட்டு அவர் மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், சோம்பேறித்தனம் இல்லை.

படகோட்டிக்கு அன்பளிப்பு கட்டாயம் இல்லை. நாள் நன்றாகப் போனால் கொடுப்பது வழக்கம். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து 50 யூரோ கொடுத்தோம். இறங்கும்போது மெத்தைக்கு அடியில், ஐஸ்பெட்டிக்குப் பின்னால், பந்தல் கம்பியில் என்று மூன்று இடத்தையும் பாருங்கள். கண்ணாடியும் சார்ஜரும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு செருப்புக் கூடை. எங்கள் கூடையில் அண்ணியின் செருப்பு ஒற்றையாக இருந்தது. ஜோடி எங்கே என்று படகு முழுக்கத் தேடினோம். கடைசியில் பெரியப்பா காலைக் காட்டினார். இடது காலில் தன்னுடையது, வலது காலில் பூப்போட்டது.